சக்கரம் வைத்த வள்ளம்

தண்ணீரில் கிடக்கிற படகுக்குச் சக்கரம் எதற்கு?

இதை நான் கேட்டபோது என் வீட்டுக்காரர் பகவதிப்பெருமாள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் டம்ளருக்கும் டபராவுக்குமாக மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருந்தார். நேராகப் பதில் சொல்லப் பிடிக்காதபோதெல்லாம் இவர் இப்படித்தான் ஏதாவது ஒரு வேலையை நீட்டிக்கொண்டு போவார்.

"மழைக்காலத்துல காயல்லயே கெடந்தா பலகை இத்துப் போவும். டிரெய்லர்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்து போட்டிரலாம்னுதான்" என்றார்.

"வீட்டுல எங்க போடுவிய? அடுப்பு மேலயா?"

கேட்க வேண்டிய கேள்விதானே! வஞ்சியூரில் எங்கள் சந்துக்குள் ஜீப்பே நுழையாது. முக்கில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். ஜீப்பு நுழையாத சந்துக்குள் ஜீப்பும் அதன் பின்னால் டிரெய்லரும் அதன்மேல் ஒரு படகும் வரப்போகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் பெரிய தட்டாகப் பார்த்து எடுப்பார்கள்.

"பாப்பம், பாப்பம்" என்று எழுந்து போய்விட்டார். காபியைக் குடிக்கவே இல்லை.

நான் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நீலாம்பாள் டீச்சருக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம் என்று இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பண்ணுவார். பண்ணட்டும். அந்தச் சம்பளம் எத்தனை வருஷம் தற்காலிகம், தற்காலிகம் என்றே வந்துகொண்டிருந்தது என்று அவருக்கும் தெரியும். இந்த ஜூன் மாசம்தான் என்னை நிரந்தரமாக்கினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சுசீலாபாய் உத்தரவைக் கையில் கொடுத்தபோது நான் ஆபீஸ் அறையிலேயே அழுதுவிட்டேன்.

அது நடந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, ஊரெல்லாம் ஒரே பேச்சு. நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் மதராஸோடு சேரப்போகிறது. திருவனந்தபுரம் கேரளத்தில். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். ஆகையால் சாலைக்கடைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கேள்வி இதுதான்: போறீங்களா, இருக்கீங்களா?

நான் இருக்கிறவள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கல்யாணமான புதிதில் நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றில் இவருடைய அண்ணன் வீட்டில் நான் வாழ்ந்த வாழ்க்கை எனக்கு மறக்கவில்லை. ஓரகத்தி சொர்ணம்மாள் இடுப்பில் சாவிக்கொத்து ஆடும். உப்புப் பரணியை எடுக்கவும் அவளைக் கேட்க வேண்டும், படித்த புத்தகத்தைத் திறக்கவும் அவளைக் கேட்க வேண்டும். இங்கே வந்துதான் எனக்கென்று ஒரு சாவி கிடைத்தது. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப அந்த வீட்டுக்குள் நுழைவதைவிட வேளிக் காயலில் குதித்துவிடலாம். இதை நான் இவரிடம் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. பெண்ணைத் தென்காசியில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனாலும் கோட்டாறு என்ற பேச்சை மட்டும் இருவரும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் படகுக்குச் சக்கரம் வருகிறது. எனக்குச் சந்தேகம் வராதா?

அந்தப் படகு போனக்காட்டு எஸ்டேட்டில் இருந்த ஒரு துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பும்போது இவர் வாங்கினார். நாள் முழுக்க சாலைக்கடையில் தன் அரிசி மண்டியில் உட்கார்ந்து தும்முகிற மனுஷர், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேளிக்குப் போய்த் தன்னந்தனியாகத் துடுப்புப் போடுவார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். ஆடி மாச மழைக்குப் பிறகு அதற்குத் தார் பூச வேண்டுமென்று கரமனையில் ராஜையனுடைய பட்டறையில் கொண்டு போட்டிருந்தார். அங்கேதான் டிரெய்லரும் தயாராகிறதாம்.

"வெள்ளிக்கிழமை காலத்த போய் எடுத்துட்டு வந்திருதேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வா" என்றார்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாளாகப் பார்த்து எதற்கு? சனிக்கிழமை எடுத்தால் டிரெய்லர் கோபித்துக்கொள்ளுமா? சுசீலாபாயிடம் போய் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை இவர் தோசைக்கு உட்கார்ந்தபோது, "நானும் வாறேன். புது வண்டி பாத்துத்தான் எடுக்கணும். நீங்க யாரு என்ன சொன்னாலும் நம்புவிய" என்றேன். தோசை இவருக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

"நீ எதுக்குளா வெயில்ல..."

"ஐப்பசி மாசத்துல எங்க வெயில்?"

ஜீப்பில் ஏறினோம். சாலைத்தெருவில் குறுக்கே வருகிற மாட்டுவண்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் வழக்கமாக வாயால் இழுக்கிறவர், அன்றைக்கு வண்டிக்காரனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கிள்ளிப்பாலம் தாண்டும்போது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரிய டின் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல்.

"வஞ்சியூருக்குப் போக இவ்வளவு பெட்ரோலா?"

"சும்மா இருக்கட்டும்னுதான்."

சும்மா இருக்கட்டுமாம். மடியில் கனம் இல்லாதவர் இப்படியா வியர்ப்பார்?

ராஜையனின் பட்டறை நாகர்கோவில் ரோட்டின் ஓரத்திலேயே இருந்தது. ராஜையன் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். எங்களைக் கண்டதும், "வரணும் அண்ணாச்சி, வரணும்! டீச்சரும் உண்டா! இண்ணைக்கு நம்ம பட்டறைக்கு இன்ஸ்பெக்ஷனாக்கும்" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இவர் ராஜையனைப் பார்த்துக் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். ராஜையனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, என்னவென்று தெரியவில்லையே தவிர.

டிரெய்லர் பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது. அதன்மேல் படகு ஏற்கெனவே ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. நான் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன்.

"பெயிண்டு ஈரமா இருக்கே. எதை மறைக்க அடிச்சிய?"

"அய்யோ டீச்சரே, துரு பிடிக்காம இருக்க அடிச்சது. ஆக்சிலு பட்டாள ஜீப்புக்க ஆக்சிலாக்கும். யுத்தத்துக்குப் போயிட்டு வந்த சாதனம்!"

"அப்ப பழசு."

"பழசுன்னு சொன்னா... பழசுதான். ஆனா இப்ப இதுபோல இரும்பு எங்க கிட்டும்?"

கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, இரும்பு ஒட்டவைத்த இடங்களையெல்லாம் சுரண்டிப் பார்த்தேன். ராஜையன் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். குடையை வைத்து இந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து முன் வளையம் வரை அளந்தேன், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அளந்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. டயரை உதைத்தேன். கால்தான் வலித்தது. ஜீப்பின் கொக்கியில் வளையத்தை மாட்டச் சொல்லி, சங்கிலியைப் பிடித்து என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. ஒரு குற்றமாவது கிடைத்தால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

"டீச்சருக்கு எப்பவும் ஒரு சம்சயம்" என்று ராஜையன் சிரித்தார். "நான் செய்து குடுத்த வண்டி ஒண்ணாவது திரும்பி வந்ததா, அண்ணாச்சியிட்ட கேளுங்கோ."

அண்ணாச்சி எங்கே பேசுகிறார்! புது வண்டி எடுக்க வந்தவர் போலவா நின்றார்? அரிசி மூட்டைக்கே பத்துக் குறை சொல்லி வாங்குகிறவர், தன் ஆசைப் படகு ஏறிய வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கவனித்தேன். படகைக் குறுக்கும் நெடுக்குமாக இரட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மேலே தார்ப்பாய். பக்கவாட்டில் ஒரு உபரிச் சக்கரம்.

"ராஜையா, வஞ்சியூர் என்ன காசியிலயா இருக்கு? இத்தனை கட்டு எதுக்கு?"

"வஞ்சியூரா?" என்றார் ராஜையன். இவர் இருமினார். ராஜையனுக்கு அந்த இருமலும் புரியவில்லை. "அதொண்ணும் எனக்குத் தெரியாது டீச்சரே. நல்லா முறுக்கிக் கட்டணும்னு சொன்னாரு, கட்டினேன். நேத்தே எடுத்திருக்கலாம். நேத்து காலத்தயே வண்டி ரெடின்னு நான் ஆளனுப்பியாச்சு. அண்ணாச்சிதான், வியாழக்கிழமை சூலம், வெள்ளிக்கிழமை வாறேன்னு சொல்லி விட்டாரு. நான் வேதக்காரன், கிறிஸ்தியானியாக்கும். எனக்குச் சூலமும் தெரியாது, கீலமும் தெரியாது."

என் கையிலிருந்த குடை அப்படியே நின்றது.

சூலம் இவருக்கு எப்படி என்று எனக்கல்லவா தெரியும்! எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லுவார். மற்றவர்களாவது வாயில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டு, பரிகாரம் ஆயிற்று என்று கிளம்பிவிடுவார்கள். இவர் அதற்கும் மசிய மாட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டிலிருந்து அனுப்பும்போது, வடக்கே சூலம் என்று ஸ்டேஷன் வரை போனவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தவர்.

வியாழக்கிழமை எந்தத் திசைக்கு ஆகாது? தெற்கே. வெள்ளிக்கிழமை? மேற்கே. கரமனையிலிருந்து எங்கள் வீடும் மேற்கே, வேளிக் காயலும் மேற்கே. வீட்டுக்கோ காயலுக்கோ போகிறவர் வியாழக்கிழமை தாராளமாகப் போயிருக்கலாம். மேற்கே போகிறவருக்கு வெள்ளிக்கிழமைதான் ஆகாது. இவரோ வியாழக்கிழமையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையைப் பிடித்திருக்கிறார். இது என்ன பெரிய கணக்கா? எங்கள் பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பெண்டாட்டியிடம் பொய் சொல்லத் துணிந்த மனுஷருக்குச் சூலத்திடம் பொய் சொல்லத் துணிவு வரவில்லை.

"தெக்கயாக்கும் போறிய" என்றேன்.

இவர் ஜீப்பின் கண்ணாடியைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

"கோட்டாத்துக்குப் போறிய. வள்ளத்தை மொதல்ல கொண்டு போட்டுட்டு, பொறவு வீட்டைக் காலி பண்ணலாம்னு இருக்கிய. அப்படித்தானே?"

"அங்க பக்கத்துல மணக்குடிக் காயல்ல எறக்கலாம்னு..." என்றார் மெதுவாக.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறை என்றும் பார்க்கவில்லை, ரோட்டில் ஆள் போகிறது என்றும் பார்க்கவில்லை.

"அடுத்த வீட்டுக்காரிகிட்ட சொல்லுத மாதிரி மழைன்னிய, பலகை இத்துப் போவும்னிய! நான் யாரு? நீங்க தூக்கி வண்டியில வச்சா வாறதுக்கு நான் என்ன அரிசி மூட்டையா? அந்த வீட்டுல நான் பட்டது உங்களுக்குத் தெரியாதா? திரும்பவும் உப்புக்கும் புளிக்கும் அந்தச் சாவிக்கொத்து முன்னால நிக்கச் சொல்லுதியளா?"

"நீலா, நான் சொல்லுதத கொஞ்சம் கேளு. ஒண்ணாம் தேதி கழிஞ்சா களியக்காவிளையில செக்போஸ்டு போட்டிருவாங்கன்னு சொல்லுதாங்க. அரிசி வண்டி இங்க வரணும்னா பெர்மிட்டு. நாஞ்சில் அரிசி இல்லாம சாலைக்கடையில நான் என்னத்த வச்சு விக்க? மண்ணையா? அண்ணன் மண்டியில பாதி தாறேன்னு சொல்லுதாரு."

"அதை வீட்டுல வச்சு சொன்னா வாய் வெந்தா போவும்?"

ராஜையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சண்டையில் தன் வண்டி விலை போகாமல் நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. இடையில் புகுந்து டிரெய்லரைத் தட்டிக் காட்டினார்.

"டீச்சரே, கோவப்படாதீங்கோ. அண்ணாச்சி எல்லாம் ஆலோசிச்சுத்தான் செய்யச் சொல்லியிருக்கு. வள்ளத்தை எறக்கிட்டா இது சாமான் வண்டி. பலகை தனியா செய்து வச்சிருக்கேன், மேல போட்டுக்கிட்டா மதி, அது போதும். அளவெல்லாம் அண்ணாச்சி தந்ததாக்கும். கட்டிலு ஏறணும், கடையில இருக்கப்பட்ட தராசு ஏறணும், அந்த டிரங்குப் பெட்டி ஏறணும். எல்லாம் ஒரே நடையில போவும்."

"எங்க கட்டில் இதுல எப்படி ஏறும்? அகலம் காணாதே" என்றேன். அந்தக் கோபத்திலும் கண் அளந்துவிட்டது.

"பெரிய கட்டிலு இல்ல டீச்சரே. ஒத்தைக் கட்டிலு."

எங்கள் வீட்டில் ஒற்றைக் கட்டில் ஒன்றுதான் உண்டு. முன்னறையில் கிடக்கும். மத்தியானம் கடையிலிருந்து வந்தால் இவர் அதில் கொஞ்சம் சாய்வார்.

"என் அலமாரி?"

"அலமாரி சொல்லல்லியே."

"தையல் மெஷின்? ஆட்டுரல்?"

ராஜையன் இல்லை என்று தலையாட்டினார். பிறகு இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தார் டின்னை எடுத்து வைக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார்.

ஒரு மாசமாக நான் எதை எதையோ சந்தேகப்பட்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேளிப் பக்கம் யாரோ ஒருத்தி இருக்கிறாளோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். என்னை இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் பயந்து பயந்து செத்தேன். என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. டிரெய்லரைப் பிடித்துக்கொண்டேன், கையெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"என்னைக் கூட்டிட்டுப் போவல்லியா?" என்றேன்.

இவர் பக்கத்தில் வந்தார். மேல்துண்டை எடுத்து என் கையைத் துடைக்கப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்ளா. வேலை நிரந்தரமான அன்னைக்கு நீ பாயசம் வச்ச. வச்ச பாயசத்தைக் குடிக்காம என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்த. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா? கேக்க மாட்டியளா? ஒரு வார்த்தை கேக்க மாட்டியளா?"

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவ. கேக்காம போனா, நீ மாட்டேன்னு சொல்லல, நான்தான் கேக்கலன்னு இருக்கும். அங்க போய்ப் படுத்தா, அது ஒரு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

பாவி மனுஷர். இதை இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தார்? அரிசி விலையைத் தவிர இவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டில் எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் நின்றேன்.

"இப்பக் கேளுங்க" என்றேன்.

"வேண்டாம் நீலா."

"கேளுங்கன்னு சொல்லுதேன்லா! யாரும் கேக்காம எனக்குப் பதிலா நீங்களே பதில் சொல்லிக்கிட்டா எப்படி? கேளுங்க."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அது போகும்வரை இருந்தார். பிறகு துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடன் கேட்க வந்தவர் மாதிரி, "நீலா, என்கூட கோட்டாத்துக்கு வாறியா?" என்றார்.

ஒரு மாசமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில். எத்தனையோ பேரிடம் சத்தமாகச் சொன்ன பதில். சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். பிறகு வகுப்பறையும், கரும்பலகையும், இடுப்பில் நான் சொருகியிருந்த என் சாவியும் ஞாபகத்துக்கு வந்தது.

"மாட்டேன்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

இவர் தலையை ஆட்டினார். "இதுக்குத்தான் கேக்காம இருந்தேன்" என்றார்.

"சனிக்கிழமைதோறும் இங்க வரணும். வந்தா சோறு இருக்கும். வராட்டா, நான் ஒருத்தியா திங்க மாட்டேன், கேட்டியளா? நாய்க்குப் போட்டிருவேன்."

"வருவேன்."

"ஓரகத்திகிட்ட, அவளுக்கு ஸ்கூல்ல வேலையிருக்குன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டு வரலன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

ராஜையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஆபத்து இல்லை என்று கண்ட பிறகு வெளியே வந்தார். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தார். இவர் ஜீப்பில் ஏறினார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். வேண்டாம், திரும்பவும் மேற்கே வந்து சூலத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம், நான் நடந்து போய்க்கொள்கிறேன் என்றேன். மத்தியானம் எனக்கு வகுப்பு இருந்தது.

ஜீப்பு உறுமிக்கொண்டு நகர்ந்தது. பட்டறை வாசலில் இடது பக்கம் திரும்பினால் பட்டணம், வலது பக்கம் நாகர்கோவில். வாசலில் கொஞ்சம் நிறுத்தினார். வலது பக்கம் திரும்பினார். வாசலில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. ஜீப்பின் பின்சக்கரம் அதில் இறங்கி ஏறியது, அடுத்து டிரெய்லரின் சக்கரம் இறங்கியது. படகு ஒரு ஆட்டம் ஆடியது.

மாட்டேன் என்று சொன்ன நான்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் வாயால் நானே சொன்னது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒட்டவைத்த இரும்பு விட்டுப் போகட்டும், கொக்கி கழலட்டும், ஆக்சில் முறியட்டும், ஏதாவது ஒரு குற்றம் இந்தப் பாழாய்ப்போன வண்டியில் இருந்துவிடட்டும் என்று இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. நல்ல வண்டி. பள்ளத்தைத் தாண்டி ஏறி, ரோட்டில் சீராக ஓடிப் போயிற்று.